டால்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற ரோல்ட் டாலைப் பலருக்கும் தெரியும். ஜாவா, பைத்தான் போன்ற கணினி மொழிகளில் எழுதுபவர்கள் தினமும் கையாளும் பொருள்நோக்கு நிரலாக்கம் என்ற நிரல் எழுதும் முறைக்கு வித்திட்ட இருவரில் ஒருவர் ஓலே-யோஹான் டால். தோட்டத்து டேலியா, ஆன்டர்ஸ் டால் என்ற தாவரவியலாளரின் பெயரைத் தாங்கிய பூ. மூவரும் ஒரே குடும்பம் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

நார்வே, சுவீடன் மொழிகளில் டால் என்றால் பள்ளத்தாக்கு. நார்வேயில் அதற்கா பஞ்சம்? அந்நாட்டுக் கிராமங்களில் ஒருவரின் பெயர் மூன்று துண்டாக இருந்தது: சொந்தப் பெயர், அப்பா பெயருடன் மகன் என்று பொருள்படும் 'சென்', கடைசியில் குடியிருக்கும் பண்ணையின் பெயர். நடுத்துண்டு நம் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கடைசித் துண்டு இன்னும் வேடிக்கை; அது வெறும் விலாசம். டால் பண்ணையிலிருந்து பெர்க் பண்ணைக்குக் குடிபோனவர் பெர்க் ஆகிவிடுவார். மாமனார் பண்ணைக்கு வந்த மாப்பிள்ளைக்கும் அந்தப் பண்ணையின் பெயர்தான்.

1923-இல் வந்த சட்டம், குடும்பத்துக்கு நிலையான ஒரு பெயர் வேண்டும் என்றது. அதற்குள் நகரவாசிகள் பலர் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டுவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் ஹான்சென், ஓல்சென் என்று நின்றார்கள். சிலர் பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்குப் பண்ணைகள் நாடெங்கும் இருந்ததால், ஒருவரையொருவர் அறியாத பல குடும்பங்கள் டால் ஆயின.

சுவீடனில் கதை வேறு. அங்கே பாதிரியார்களும் நகரத்தாரும் இயற்கையிலிருந்து அழகான சொல்லாகப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். டால்பெர்க் (பள்ளத்தாக்கு-மலை), டால்கிரென், லின்டால் எல்லாம் அந்த ரகம். இரண்டு சொற்களை ஒட்டும்போது பொருளைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை வைத்து, ஒரே பெயர்க்காரர்கள் சொந்தக்காரர்களா என்று சோதிக்கலாம். பிரிட்டனில் சோதித்தபோது, அரிய குடும்பப்பெயர் கொண்ட ஆண்களிடம் பொது மூதாதையின் தடயம் அடிக்கடி கிடைத்தது. எங்கும் பரவியிருக்கும் ஸ்மித் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களிடம் அப்படி இல்லை. பல இடங்களில் தனித்தனியாக முளைத்த பெயர் இப்படித்தான் இருக்கும்.

சரி, அந்த டேலியா? செடி மெக்சிகோவுடையது. சுவீடன்காரரான ஆன்டர்ஸ் டால் 1789-இல் இறந்தார். 1791-இல் மாட்ரிடில் கவனில்யெஸ் என்ற தாவரவியலாளர் அவர் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். டாலின் ஆசிரியர் லின்னேயஸ் வைத்த பெயர் என்று சிலர் எழுதுவதுண்டு. அவரோ 1778-லேயே காலமாகிவிட்டார்.