எட்டு ஷேடு பார்க்க எட்டு நகம் எதற்கு?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் நான்கைந்து நெயில் பாலிஷும் வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் விரலுக்கு ஒன்றாகப் பூசிப் பார்ப்பது, பிடிக்காததை ரிமூவரால் துடைப்பது, அடுத்ததைப் பூசுவது. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி இப்படி நாலு தடவை துடைத்த நகம் மறுநாள் மேக்கப் நாற்காலியில் எப்படி வந்து உட்காரும் என்பது பார்லரில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். வெளுத்து, சொரசொரத்து, ஓரத்துத் தோல் உரிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஷேடைப் பூசினாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பாலிஷை மட்டும் கரைப்பதில்லை. நகத்தின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. வாரம் ஒரு முறை என்றால் நகம் தாங்கும். ஒரே மணி நேரத்தில் ஐந்து முறை என்றால் மேலடுக்கு செதில் செதிலாகக் கிளம்பும். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை புதிதாக வர 6 மாதம் ஆகும். கெட்டுப்போன பகுதி வளர்ந்து வெட்டப்படும்வரை கூடவேதான் இருக்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டாவது நிறம் சரியாகத் தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. அவசரத்தில் ஒரு கோட் மட்டும் பூசி, ஈரமாக இருக்கும்போதே, டியூப் லைட்டுக்குக் கீழே பார்க்கிறோம். மூன்றுமே தப்பு.

நகத்தில் பூசாமலே ஷேடு பார்க்க ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 2 இஞ்ச் அகல நிறமற்ற டேப் போதும். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் ஆகாது. ஒரு கண்ணாடித் துண்டின் மீதோ மீந்துபோன டைல்ஸ் மீதோ காற்றுக் குமிழி இல்லாமல் டேப்பை ஒட்டுங்கள். ஷேடுக்கு ஒரு கட்டம், 3 சென்டிமீட்டர் நீளம். முதல் கோட்டைக் கட்டம் முழுவதும் பூசுங்கள். 3 நிமிடம் கழித்து, இடது ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதிக்கு இரண்டாவது கோட். இன்னும் 3 நிமிடம் கழித்து வலது ஓரத்துக்கு மட்டும் மூன்றாவது. படிக்கட்டு மாதிரி ஒரே கட்டத்தில் ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் எல்லாம் தெரியும். கட்டத்துக்குக் கீழே ஷேடு நம்பரை மார்க்கரில் எழுதிவிடுங்கள். நாலு சிவப்பு வரிசையாக நிற்கும்போது எது எந்த பாட்டில் என்று சத்தியமாக ஞாபகம் இருக்காது.

ராத்திரி பூசினால் காலையில் எடுக்கலாம். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அரை மணியில் உரித்தால் பூச்சு சுருங்கிக்கொள்ளும், ஏனென்றால் மேலே தோல் கட்டினாலும் உள்ளே கரைப்பான் முழுதாக வெளியேற பல மணி நேரம் ஆகும். காய்ந்த பிறகு கத்தரியால் நக வடிவத்தில் வெட்டி, டேப்பின் பசைப் பக்கத்தை நகத்தின் மேல் ஒட்டிப் பாருங்கள். டேப் நிறமற்றது என்பதால் மெல்லிய ஷேடுகளில் நகத்தின் இளஞ்சிவப்பும் ஊடுருவித் தெரியும். வெள்ளைத் தாளிலோ வெள்ளைச் செயற்கை நகத்திலோ பூசிப் பார்ப்பதைவிட இது மேல். டேப்பை மடக்காதீர்கள், பூச்சு உதிரும்.

ஒரு ஷேடு எத்தனை கோட் கேட்கும் என்று தெரிந்துகொள்ள, காய்ந்த டேப்பைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். இரண்டு கோட் உள்ள பகுதியிலும் எழுத்து படிக்க முடிகிறதா? அது மூன்று கோட் கேட்கும் ஷேடு. மூன்று கோட் என்றால் காயும் நேரம் கூடும், கனம் கூடும், நுனியில் பெயரும் வாய்ப்பும் கூடும். தினமும் பாத்திரம் துலக்கும் கைக்கும் மீன் ஆயும் கைக்கும் அது இரண்டு நாள்கூடத் தாங்காது. இரண்டே கோட்டில் எழுத்தை மறைக்கும் ஷேடை எடுங்கள்.

பிளாஸ்டிக் செயற்கை நகம் வாங்கி அதில் பூசிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூசலாம், ஆனால் அசிட்டோனால் துடைத்து மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள். பெரும்பாலான செயற்கை நகங்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கொழகொழவென்று இளகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். அதன் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் தூக்கும், குறைந்தால் மஞ்சள். வீட்டில் எரியும் வெள்ளை டியூப் லைட் 6500 கெல்வின், நீலம் தூக்கலான ஒளி. கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கு 3000 கெல்வினை ஒட்டி இருக்கும். டியூப் லைட்டில் பளிச்சென்று தெரிந்த வாடாமல்லி நிறம் மண்டபத்தில் மங்கிப் பழுப்படிக்கும். ஆரஞ்சு கலந்த சிவப்பு அங்கேதான் எழும்பி நிற்கும். ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு அரக்கு ஷேடுகள் விளக்கு மாறியதும் இரண்டு நிறமாகப் பிரிவதும் உண்டு. அதனால் அதே டேப்பைக் காலை 10 மணிக்கு நேர் வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் ஒரு முறை, மஞ்சள் பல்புக்குக் கீழே ஒரு முறை பாருங்கள். சந்துக்குள் வெயிலே எட்டாத வீடு என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். போனில் படம் எடுத்து ஒப்பிடுவது வீண் வேலை. கேமரா தானாகவே நிறத்தைத் திருத்தும், நியான் ஷேடுகளை அது உள்ளபடி பிடிப்பதில்லை.

பட்டுப் புடவைக்குப் பொருத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மயில்கழுத்து மாதிரி டபுள் ஷேடு பட்டில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம். மடிப்பில் ஒன்று தெரியும், விரிப்பில் இன்னொன்று. இதன் உடலோடு நகத்தைப் பொருத்தப் போனால் எந்த ஷேடும் பாதி நேரம் பொருந்தாது. பார்டரையோ பிளவுஸையோ பிடித்துக்கொள்வது சுலபம். ஜரிகைக்கு ஈடாகத் தங்க கிளிட்டர் பூசும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறோம், அது அவரவர் ரசனை.

மருதாணி வைத்த நகம் தனிக் கதை. மருதாணிச் சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு சேர்ந்துவிடுவதால் ரிமூவர் அதை அசைக்காது, வளர்ந்துதான் போகும். அந்த ஆரஞ்சின் மேல் மெல்லிய பிங்க் பூசினால் செங்கல் நிறம் அடிக்கும். மருதாணி வைப்பதாக முடிவு என்றால் அதற்குப் பிறகே டேப்பை நகத்தில் ஒட்டிப் பாருங்கள்.

பூசும்போது வரும் பொடிக் குமிழிகளுக்கு பாலிஷை மட்டும் குறை சொல்ல முடியாது. பாட்டிலை மேலும் கீழும் குலுக்கினால் காற்று புகும். அடியில் படிந்த நிறத்தைக் கலக்க இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு நிமிடம் உருட்டினால் போதும். ஃபேனுக்கு நேராகக் கையை நீட்டினால் மேல்பகுதி சட்டென்று காய்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி குமிழியாகக் கிளம்பும். வடசென்னையில் காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றின் புழுக்கத்தில் எல்லாமே மெதுவாகத்தான் காயும். கோட்டை மெலிதாகப் பூசி, நேரம் கொடுப்பதுதான் வழி. கெட்டியாகிப்போன பாட்டிலில் ரிமூவர் ஊற்றுவது பொதுவான தப்பு. அன்றைக்கு இளகும், பிறகு பளபளப்பு போய் உரியும். அதற்கென்று விற்கும் பாலிஷ் தின்னரில் இரண்டு மூன்று சொட்டு விடலாம். ஹார்டுவேர் கடையில் பெயிண்டுக்கு விற்கும் என்.சி. தின்னரைத் தொடவே வேண்டாம். அதில் டொலுயீன் இருக்கும், மூச்சுக்கும் நரம்புக்கும் கெடுதல்.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாலிஷின் பழ வாசனை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆவியின் வாசனை. இவற்றின் ஆவியும் அசிட்டோன் ஆவியும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு பரவும். அடுப்பும் கட்டிலும் சாமி விளக்கும் ஒரே அறைக்குள் இருக்கும் வீடுகள் வடசென்னையில் ஏராளம். தரையில் உட்கார்ந்து எட்டு பாட்டிலைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் கொசுவத்தி கூடப் புகையக் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். நனைந்த பஞ்சை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். குழந்தை தவழும் வீட்டில் ரிமூவர் பாட்டில் பீரோவின் மேல்தட்டில்தான் இருக்க வேண்டும்.

கடைசியில் தேர்ந்தெடுத்த ஷேடை நகத்தில் பூசும்போது நிறத்துக்கு முன் பூசும் நிறமற்ற பேஸ் கோட்டைத் தவிர்க்காதீர்கள். சிவப்பும் அரக்கும் நேரடியாகப் பட்டால் நகம் மஞ்சளாகும். எடுக்கும்போது பஞ்சை நனைத்து நகத்தின் மேல் 15 நொடி அழுத்தி வைத்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பு. கிளிட்டர் என்றால் பஞ்சின் மேல் அலுமினியம் ஃபாயிலைச் சுற்றி 5 முதல் 10 நிமிடம். பிறகு தேங்காய் எண்ணெய்.

பலர் சந்தேகிக்காத ஒன்று உண்டு. நெயில் பாலிஷ் ஒவ்வாமை பெரும்பாலும் விரலில் வராது. கண் இமையிலும் கழுத்திலும் அரிப்பாக, தடிப்பாக வரும். காயாத பாலிஷோடு முகத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் அப்படி. அந்தத் தோல் மெல்லியது என்பதும் ஒரு காரணம். சில பாலிஷ்களில் சேர்க்கப்படும் ஃபார்மால்டிஹைடு ரெசின் என்னும் பிசின் இதற்குப் பேர்போனது. மை, பவுடர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் இமை அரிப்பு அடங்கவில்லையா? நகத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பாலிஷ் பூசும் பழக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு, பச்சைத் திட்டு, தூக்கிக்கொண்ட நகம் தெரிந்தால் அதை ஷேடால் மறைப்பது தப்பு. ஆபரேஷனுக்கு முன் பாலிஷை எடுக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை அடர் நீலமும் கறுப்பும் குழப்பக்கூடும்.

வாங்கும்போது பாட்டிலின் அடியைப் பாருங்கள். பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இவை இல்லாத பத்து ரூபாய் பாட்டிலை ஷேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பார்த்து முடித்த டேப் துண்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி, ஷேடு நம்பரோடு பேட்ச் எண்ணையும் எழுதி வையுங்கள். அதே பெயரில் அடுத்த பேட்ச் ஒரு சாயல் மாறி வருவதுண்டு. நோட்டை பீரோவுக்குள் வையுங்கள், வெளிச்சத்தில் கிடந்தால் நியான் ஷேடுகள் முதலில் வெளுக்கும். அடுத்த புடவை எடுக்கப் போகும்போது அந்த நோட்டு பையில் இருக்கட்டும்.