பைத்தானின் நாலுகால் பாய்ச்சல்

“10 லட்சம் எண்களைக் குலுக்கிப் போட்டு சார்ட் செய்தால், அதாவது வரிசைப்படுத்தினால், நேரம் பிடிக்கிறது. அதே பட்டியல் ஏற்கெனவே வரிசையாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பைத்தான் என்ற நிரல்மொழிக்கு இது முன்கூட்டியே எப்படித் தெரிகிறது?” என்று புதிதாக நிரல் எழுதப் பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முன்கூட்டித் தெரியாது; பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அது பார்க்கும் விதத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம்.

பைத்தான் பட்டியலோடு கூடவே வரும் சார்ட் மெத்தடை 2002இல் டிம் பீட்டர்ஸ் புதிதாக எழுதினார். அவர் பெயராலேயே அது டிம்சார்ட் ஆயிற்று. அடிப்படை, பாடப்புத்தகத்து மெர்ஜ் சார்ட்தான். வரிசையான இரண்டு துண்டுகளின் தலைகளை ஒப்பிட்டு, சிறியதை எடுத்து வைத்துக்கொண்டே போனால் ஒரே வரிசை கிடைக்கும். 1945இலேயே கணித மேதை ஜான் வான் நாய்மன் வகுத்த முறை இது. ஆனால் பாடப்புத்தக முறை, பட்டியல் எந்த நிலையில் இருந்தாலும் அதைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும்.

டிம்சார்ட் இருக்கிற வரிசையைத் தேடுகிறது. இடமிருந்து வலமாக, எண்கள் ஏறிக்கொண்டே போகும் வரை நடக்கிறது. எங்கே இறங்குகிறதோ அங்கே ஒரு துண்டு முடிகிறது. இயல்பாகவே அமைந்த இந்தத் துண்டுக்கு ‘ரன்’ என்று பெயர். 10 லட்சமும் ஏறுவரிசையில் இருந்தால் பட்டியல் முழுவதும் ஒரே ரன்; 9,99,999 ஒப்பீடுகளோடு வேலை முடிந்தது. குலுக்கிப் போட்ட பட்டியலுக்கோ, ஒப்பிட்டு அடுக்கும் எந்த முறையானாலும் சராசரியாக 1.8 கோடி ஒப்பீடுகளுக்குக் குறையாது.

துண்டு இறங்குவரிசையில் இருந்தால் அதை அப்படியே திருப்பிப் போட்டுவிடும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பீட்டர்ஸ் எழுதிய முதல் வடிவில், 9, 7, 4 என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்டிப்பாகக் குறைந்தால்தான் அந்தத் துண்டைத் திருப்பலாம். பெயர்வாரியாக அடுக்கிய மாணவர் பட்டியலை மதிப்பெண்படி அடுக்கும்போது, ஒரே மதிப்பெண் எடுத்த இருவரின் முன்பின் மாறக் கூடாது அல்லவா? சமமானவை இருக்கும் துண்டைத் திருப்பினால் அவர்கள் இடம் மாறிவிடுவார்கள். ‘சமம்’ என்ற ஒரே ஒரு நிலையை விலக்கியதில் அந்த உறுதி காப்பாற்றப்பட்டது.

கலைந்த பட்டியலில் ரன்கள் மிகச் சிறியதாக இருக்கும். அவற்றை ஒரு குறைந்தபட்ச நீளத்துக்கு நீட்டிக்கொள்கிறது. அந்த நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பீட்டர்ஸ் தன் குறிப்பிலேயே ஓர் உதாரணம் தருகிறார். 2112 உறுப்புகளை 32 32 ஆகப் பிரித்தால் 66 துண்டுகள். இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால் கடைசியில் 2048க்கும் 64க்கும் நடக்கும் பொருந்தாத இணைப்பு மிஞ்சும். 33 ஆகப் பிரித்தால் சரியாக 64 துண்டுகள். கடைசி வரை சமமான ஜோடிகள். ஓர் எண் கூட்டியதில் எவ்வளவு சீர்!

இனி நாலுகால் பாய்ச்சல். இரண்டு ரன்களை இணைக்கும்போது ஒரே பக்கம் தொடர்ந்து 7 முறை வென்றால், இனியும் அதுவே வெல்லும் என்று கணித்து நடையை மாற்றுகிறது. ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் 1, 3, 7, 15, 31 என்று தாவித் தாவிப் பார்க்கிறது. தேடும் இடத்தைத் தாண்டிவிட்டால், கடைசித் தாவலின் இடைவெளிக்குள் மட்டும் பாதி பாதியாக வெட்டித் தேடி இடத்தைப் பிடிக்கிறது. முதலிலேயே முழு ரன்னையும் பாதியாக வெட்டித் தேடலாமே என்று தோன்றும். 10 லட்சம் நீள ரன்னில் அதற்கு எப்போதும் 20 ஒப்பீடுகள் ஆகும், தேடும் இடம் மூன்றாவதாகவே இருந்தாலும். பாய்ச்சலில் பக்கத்தில் இருப்பது நாலைந்து ஒப்பீட்டிலேயே அகப்படும். பாய்ச்சல் பலன் தராவிட்டால் அந்த 7 என்ற வரம்பை உயர்த்திக்கொள்கிறது. பலன் தந்தால் தாழ்த்துகிறது. தன் முன்னால் இருக்கும் தரவுக்கு ஏற்பத் தன் நடையையே திருத்திக்கொள்ளும் நிரல் இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு தீர்வதில்லை.

ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியும் இதைத் தனதாக்கிக்கொண்டது. 2015இல் நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் கீ என்ற மென்பொருளின் உதவியோடு ஜாவாவின் நிரல் சரியானது என்று கணித முறையில் நிறுவ முயன்றார்கள். நிறுவ முடியவில்லை. நிரலில் பிழை இருந்ததுதான் காரணம்! எத்தனையோ கணினிகளில் ஆண்டுக்கணக்காக ஓடியும், எத்தனையோ சோதனைகளைக் கடந்தும் தென்படாத பிழை அது. நிரல்களை நிறுவும் கணிதத்துக்கு நிதி கேட்டால் ‘உடனடிப் பயன் என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. இத்தகைய ஆய்வுக்குத் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ரன்களை எந்த முறைப்படி இணைப்பது என்பதும் பின்னர் மாறியது. 2022இல் வந்த பைத்தான் 3.11 அதற்காக பவர்சார்ட் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. ரன் தேடுவதும் பாய்ச்சலும் அடிப்படையில் அப்படியே இருக்கின்றன.

கேள்வி கேட்ட வாசகர் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். வரிசையான அந்த 10 லட்சத்தின் கடைசியில், நடுவில் எங்கோ சேர வேண்டிய ஓர் எண்ணை மட்டும் ஒட்டி, மறுபடி சார்ட் செய்யுங்கள். ஒப்பீடுகள் கூடுவது 40 அளவில்தான் இருக்கும்.