ஆறு மாதிரி சேர்ந்தால் ஒரு குவார்ட்டர்: சிங்கிள் மால்ட் மாலைகள் குறித்து ஒரு மருத்துவர்

பாளையங்கோட்டையில் பொது மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, மது அருந்துவீர்களா என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. "குடிப் பழக்கமெல்லாம் கெடையாது டாக்டர்; மாசத்துல ஒரு நாள் பிரண்ட்ஸோட சிங்கிள் மால்ட் டேஸ்டிங், அவ்வளவுதான்." சிங்கிள் மால்ட் என்பது ஒரே ஆலையில் வடிக்கப்படும் ஒரு விஸ்கி வகை; டேஸ்டிங் என்பது பல விஸ்கிகளைச் சிறு அளவுகளில் ருசித்துப் பார்ப்பது. இப்படிச் சொல்பவர்கள் எதையும் மறைப்பதில்லை. பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வழக்கறிஞர், வணிகர், வங்கி அதிகாரி எனச் சிலர் கூடி, துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, முகர்ந்து, பேசி, மெதுவாக அருந்தும் ஒரு மாலையைக் குடி என்று எண்ண அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் அந்தப் பதிலால் நோயாளியின் குறிப்பேட்டில் ‘மது இல்லை’ என்று பதிவாகிவிடுகிறது. அதை நம்பித்தான் அடுத்து மாத்திரை எழுதப்படுகிறது, அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்தும் திட்டமிடப்படுகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 30 மில்லி வீதம் ஆறு விஸ்கிகளை ருசித்தால் 180 மில்லி ஆகிறது. நம் ஊர்க் கடைகளில் குவார்ட்டர் என்று விற்கப்படும் அதே அளவு. சாதாரண இந்திய விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம் இருக்க, ருசிப்போர் விரும்பித் தேடும் சிங்கிள் மால்ட்டுகள் பலவற்றில் அது இன்னும் கூடுதல். ஸ்காட்லாந்தின் டாலிஸ்கர் 10 ஆண்டு 45.8, ஆர்ட்பெக் 10 ஆண்டு 46, பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன் 50 சதவீதம். நீர் சேர்க்காமல் பீப்பாயின் வலுவிலேயே அடைக்கப்படுபவை 60 சதவீதத்தைத் தொடும். சராசரி 46 என்று கொண்டாலே 180 மில்லியில் ஏறத்தாழ 65 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் அருந்துவதை மிகைக் குடி என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை மட்டும் கொண்டு ஒரே ஆலையில் செம்புக் கொதிகலனில் வடிக்கப்பட்டது, ஓக் பீப்பாயில் பன்னிரண்டு ஆண்டுகள் ஊறியது என்பவையெல்லாம் மணத்துக்கும் சுவைக்கும் காரணங்கள். கல்லீரல் உடைத்தாக வேண்டிய எத்தனால் எல்லாப் புட்டியிலும் ஒன்றே. "நல்ல சரக்கு, கல்லீரலைத் தொடாது" என்று படித்தவர்களே நம்புவது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது.

இந்தக் கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்படி அருந்துவதில்லை. ஸ்காட்லாந்தின் விஸ்கிக் கலவை வல்லுநர்கள் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே தீர்ப்புச் சொல்கிறார்கள். மாதிரியில் ஆல்கஹால் 20 சதவீதமாகக் குறையும்வரை நீர் சேர்த்து முகர்வதும், வாயில் வைத்ததைத் துப்பிவிடுவதும் அவர்களுடைய அன்றாட நடைமுறை. நீர் சேர்ப்பதை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, நீர்த்த விஸ்கியில் மேற்பரப்பை நோக்கி வருகிறது என்பதை 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியின் வழியே காட்டினார்கள். முகர்ந்து ஒரு வாய் ருசிக்க 10 மில்லி போதும். வெற்றிலை போடும் வீடுகளில் நம் தாத்தாக்கள் எச்சில் துப்பப் பக்கத்திலேயே படிக்கம் வைத்திருந்தார்கள். அந்தப் படிக்கத்தை மொட்டை மாடி மேசைக்குக் கொண்டுவர யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ருசிக்கும் வரிசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மென்மையானவற்றில் தொடங்கி, புகை மணம் மிகுந்த ஐலா தீவு விஸ்கிகளையும் வலு கூடியவற்றையும் கடைசிக்கு வைப்பது வழக்கம். நாக்குக்கு அதுவே சரி. ஆனால் அந்த வரிசையின்படி, ஊற்றுபவரின் கை தாராளமாகி, அருந்துபவரின் நிதானம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் மிக வலுவான புட்டி திறக்கப்படுகிறது. அளவுக் கோப்பையைக் கடைசி மாதிரி வரை கைவிடாதீர்கள். ருசிப்பு முடிந்த பிறகு, மிஞ்சியதை வைத்துத் தொடங்கும் பெக் கணக்கு எந்தக் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நலமான கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கழிக்கிறது. குளித்தாலும், மோர் குடித்தாலும், கட்டன் காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஆகவே 65 கிராம் அருந்தி நள்ளிரவில் படுத்தவர், விடிவதற்குள் நாகர்கோவிலுக்கு நான்கு வழிச் சாலையில் காரை எடுத்தால், சட்டம் அனுமதிக்கும் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை அப்போதும் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. குற்றாலத்தில் சாரல் காலத்தில் விடுதி எடுத்து ருசிப்பு நடத்துபவர்கள், அது முடிந்ததும் அருவிக்குப் போகக் கூடாது.

கொழுப்புக் கல்லீரல், கல்லீரல் அழற்சி, கணைய அழற்சி, இதயத் துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மதுபானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியலில் மால்ட்டுக்கு விலக்கு இல்லை. தூக்க மாத்திரை எடுப்பவர் மதுவும் அருந்தினால் மூச்சு மந்தமாகும். வயிற்றுப்போக்குக்காக மெட்ரோனிடசோல் சாப்பிடுபவர், அது முடிந்து மூன்று நாள்வரை மதுவைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது சர்க்கரை நோயாளிகள்தான். இப்படிக் கூடுபவர்களின் வயதில், இந்த ஊரில், அப்படிப்பட்ட ஒருவர் இல்லாத நண்பர் கூட்டம் அரிது. காரமும் எண்ணெயும் சுவையைக் கெடுக்கும் என்பதால் ருசிப்பு மாலையில் வறுத்த முந்திரியோ உப்பில்லாத பிஸ்கட்டோ மட்டுமே கொறிக்கிறார்கள். புரோட்டாவும் சால்னாவும் பதினொரு மணிக்கு மேல்தான். ஆனால் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எட்டு மணிக்கே எடுத்து முடித்திருப்பார்கள். உணவு இல்லாத நேரத்தில் இரத்தச் சர்க்கரை தாழாமல் காப்பது கல்லீரல் புதிதாக உற்பத்தி செய்யும் குளுக்கோஸ்; எத்தனாலை உடைக்கும் வேலை அந்த உற்பத்தியை முடக்கிவிடுகிறது. மாத்திரை ஒருபுறம் சர்க்கரையை இறக்க, ஈடுகட்ட வேண்டிய கல்லீரல் மறுபுறம் கைகட்டி நிற்கிறது.

வியர்வை, தடுமாற்றம், குழறும் பேச்சு, காரணமற்ற கோபம் ஆகியவை தாழ் சர்க்கரையின் அறிகுறிகள். போதையும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். "அண்ணாச்சிக்கு ஏறிட்டு, தூங்கட்டும்" என்று போர்வை போர்த்திவிட்டு வருவது அன்பினால் செய்யும் செயல்தான் என்றாலும், மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் போகும் நேரத்தை அது நீட்டிக்கிறது.

ஆகவே ருசிப்பு தொடங்கும் முன்பே இட்லியோ சப்பாத்தியோ வயிறாரச் சாப்பிடுங்கள். குளுக்கோமீட்டர் ஒன்று அந்த வீட்டில் இருக்கட்டும். அளவு 70-க்குக் கீழே இருந்து அவருக்கு நினைவும் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளின் செயல் ஒரு நாளைக்கும் மேல் நீடிக்கக்கூடும் என்பதால், குளுக்கோஸ் ஏற்றியவுடன் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், மருத்துவர் சொல்லும்வரை அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.