மதகைக் கடக்கும் பிள்ளைகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூர். சாயங்காலம் ஐந்தரை மணி. அறுப்பு முடிந்து காலியாகக் கிடக்கும் களத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறது. நாலு பேர் தோளோடு தோள் நடக்கும் அகலத்தில் தொடங்கி, ஓரிடத்தில் ஒற்றை ஆள் நுழையும் அளவுக்குக் குறுகி, மறுபடி விரிகின்றன. மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர் அக்கா சொன்னார்: "இது வாய்க்கால், அந்த இடுக்கு மதகு, நீங்கதான் தண்ணி."

நாலு நாலு பேராக வரிசை. ஒரு கைதட்டலுக்கு ஓரடி. இடுக்கை நெருங்கியதும் எதிர்பார்த்ததுதான் நடந்தது: முட்டி மோதி நின்றார்கள். "அக்கா, இவன் தள்ளுறான்!"

அக்கா அதட்டவில்லை. "சரி, அப்படியே நில்லுங்க. கூட்டம் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கு?"

மதகுக்கு முன்னால். நிஜத் தண்ணீரும் அதைத்தான் செய்கிறது. வழி குறுகினால் மேல்பக்கத்தில் தேங்கும், மட்டம் ஏறும். பிள்ளைகளின் நெரிசல் விளையாட்டில் நேர்ந்த தப்பு அல்ல, பாடமே அதுதான்.

அப்புறம் புது விதி: ஒரு கைதட்டலுக்கு நாலு பேர் மதகை நோக்கி வந்தால், அதே கைதட்டலுக்குள் நாலு பேர் மதகைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஒற்றை வரிசையில் அதைச் செய்ய ஒரே வழி, ஒரு தட்டலுக்கு நாலு அடி வைப்பது. இரண்டு மூன்று முறை இடறிய பிறகு கால்கள் கண்டுபிடித்துவிட்டன. ஆழம் மாறாமல் அகலம் கால்வாசியானால் வேகம் நாலு மடங்கு. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் வரும் கணக்கு இது.

அந்த வேகத்தைத் தண்ணீருக்கு யார் கொடுக்கிறார்கள்? பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது. தண்ணீருக்கு, முன்னால் தேங்கி ஏறிய அந்த மட்டம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் 20 செ.மீ. என்றால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்க, மதகில் வேகம் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். அதை இரட்டிப்பாக்க 40 செ.மீ. போதாது, 80 வேண்டும். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் நாட்களில் ஷட்டர் பக்கம் வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு அந்த இரைச்சல் ஏற்கெனவே பழக்கம்.

ஓடியாடிச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் மண்டையில் ஏறிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் தூக்கம் கலையும், அவ்வளவுதான். உட்கார்ந்து எழுவதற்கும் ஏழுக்கும் ஒட்டு உறவு இல்லை. பாண்டிக் கட்டத்தை நீளமாகப் போட்டு, ஏழு ஏழு கட்டமாகத் தாண்டி 21-இல் போய் நின்றால் கதை வேறு. அங்கே தாண்டிய தூரம்தான் எண். அசைவும் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு நல்ல சான்று சைக்கிள் சக்கரத்திலிருந்து வந்தது. 2015-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சியன் பைலாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஒரே அச்சில் பொருத்திய இரண்டு சைக்கிள் சக்கரங்களைச் சுழலவிட்டு, கல்லூரி மாணவர்களில் சிலரைக் கையில் பிடித்துச் சாய்க்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பார்க்க மட்டும் செய்தார்கள். சுழலும் பொருள்களின் இயற்பியல் குறித்துப் பிறகு வைத்த தேர்வில் பிடித்தவர்களே நன்றாகச் செய்தார்கள். பிடித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, அசையாமல் படுத்துக் கணக்கை யோசிக்கும் நேரத்திலும் உடலசைவையும் தொடு உணர்வையும் கவனிக்கும் பகுதிகள் விழித்திருந்தன. கை பட்டது கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆய்வகம் வேண்டாம். ஊர் சைக்கிள் கடையில் ஒரு பழைய முன்சக்கரம் கேட்டு வாங்கினால் போதும். அச்சின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு, வேறொருவரை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லிச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் குறுக்கே இன்னொரு பக்கம் இழுக்கும். சுழல்கிற பொருள் தன் அச்சை எளிதில் விட்டுத்தராது. தள்ளினால் தள்ளிய திசையில் போகாமல் அதற்குச் செங்கோணத்தில் குறுக்கே விலகும். விழப்போகும் பம்பரம் உடனே சாயாமல் தலையாட்டிச் சுற்றுவதும் இதனால்தான். பம்பரம் விட்ட கைக்கு இதை நம்பவைக்கப் பெரிய பாடுபட வேண்டியதில்லை.

2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டம் இந்தச் சாயங்கால நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பள்ளியில் நாள் முழுக்கக் குனிந்திருந்த பிள்ளையை இன்னொரு பாயில் உட்காரவைத்து நோட்டைத் திறக்கச் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. ஆனால் வெறுமனே ஓடவிட்டாலும் அறிவியல் வராது. ஓடுவதற்கு முன் "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று ஊகம் கேட்க வேண்டும். முடிந்ததும் உட்காரவைத்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் போனால் மிஞ்சுவது வேர்வைதான்.

அடுத்த வாரம் அதே களம் கல்லணையாகப் போகிறதாம். 24 பிள்ளைகள் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிந்து பின்னம் படிப்பார்கள். கொள்ளிடத்துக்கு யார் போவது என்று இப்போதே சண்டை. வெள்ளம் வந்தால் மிச்சத் தண்ணீர் முழுக்க அங்கேதான் திருப்பப்படும். அங்கே போனால் நிறைய ஓடலாமே.