உருகி ஓடாத கொழுப்பும் ஓடி ஆட வேண்டிய பிள்ளைகளும்

உடலில் இருந்த பத்து கிலோ கொழுப்பு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து கிலோ எந்த வழியாக வெளியே போனது? பலர் வியர்வை என்பார்கள், சிலர் கழிவு என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் சக்தியாக மாறிவிட்டது என்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதே கேள்வியை மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள் ஆகியோரிடம் கேட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தவறான விடையையே சொன்னார்கள். சரியான கணக்கை இருவரும் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பத்து கிலோவில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ நீராகிறது. அந்த நீர் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று பல வழிகளில் போய்விடுகிறது.

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்று வகை அணுக்களால் ஆனது கொழுப்பு. அணுக்கள் உடலுக்குள் மாயமாகிவிட முடியாது. நாம் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அவை கார்பன் டை ஆக்சைடும் நீருமாக உருமாறுகின்றன. பத்து கிலோ கொழுப்பு இப்படி எரிந்து முடிய 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தலைதான் சுற்றும். செல்கள் உழைத்தால்தான் எரிபொருள் எரியும், எரிந்த பிறகுதான் புகை வெளியே வரும்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பல நம்பிக்கைகள் தாமாகவே கழன்று விழும். முதலில் வியர்வை. காற்றுப் புகாத மேலாடையை மாட்டிக்கொண்டு ஓடுவதும், வயிற்றில் பட்டை கட்டி வியர்க்க விடுவதும் இன்றும் நடக்கின்றன. வியர்வை என்பது தோல் மீது ஆவியாகி உடலைக் குளிரவைக்கும் நீரும் உப்பும் மட்டுமே. ஒரு லிட்டர் வியர்த்தால் எடை பார்க்கும் கருவியில் ஒரு கிலோ குறையும், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் காற்றுப் புகாத உடையோடு ஓடினால் உடல் சூடு தணிய வழியின்றி வெப்ப மயக்கம் வரலாம். இது உயிருக்கே ஆபத்து என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது தொப்பை. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு குறையும் என்பதைப் போல நியாயமாகத் தோன்றும் பொய் வேறில்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் காட்ச் என்ற ஆய்வாளரின் குழு 1984இல் இதை நேரடியாகச் சோதித்தது. 13 ஆண்கள் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 முறை படுத்து எழும் சிட்-அப் பயிற்சி செய்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வயிறு, தோள்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதி, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் துளித் துளியாகக் கொழுப்புத் திசுவை எடுத்துச் செல்களின் அளவைப் பார்த்தார்கள். செல்கள் சற்றுச் சுருங்கியிருந்தன. ஆனால் மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கியிருந்தன. ஐயாயிரம் முறை மடங்கி நிமிர்ந்த வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. வயிற்றுத் தசைக்கும் அதன் மேல் படிந்த கொழுப்புக்கும் இடையே நேரடிக் குழாய் கிடையாது. நாம் உழைக்கும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகின்றன. எந்தக் கொழுப்புச் செல் அந்தச் செய்திக்கு எளிதில் இணங்குகிறதோ அது கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விடும். எங்கிருந்தோ வந்து சேரும் அந்த அமிலத்தைத் தசை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்த இடம் முதலில் இணங்கும் என்பதைப் பரம்பரை, பாலினம், வயது ஆகியவை தீர்மானிக்கின்றன, நாம் செய்யும் பயிற்சி தீர்மானிப்பதில்லை.

இதற்கு இன்னும் அழகான சான்று டென்னிஸ் வீரர்களின் கைகள். ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் அடித்து ஆடுபவர்கள் அவர்கள். 1971இல் வெளியான ஓர் ஆய்வில், ஆடும் கை மற்றக் கையைவிடப் பருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமனில் வேறுபாடு இல்லை. இந்தக் கைகளிடம் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

சரி, பகுதி பகுதியாகக் குறையாது. மொத்தமாகவாவது நன்றாக உழைத்தால் குறையாதா? குறையும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 50 கலோரி. ஒரு சிறிய பாட்டில் குளிர்பானத்தின் சர்க்கரையைச் செலவழிக்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். குடிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

உடலும் தன் பங்குக்குக் கணக்கைத் திருத்துகிறது. தான்சானியாவின் வடக்கே வாழும் ஹட்ஸா மக்கள் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் உண்பவர்கள். ஆண்கள் நாளொன்றுக்கு 11 கிலோமீட்டர் அளவுக்கு நடக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற மானுடவியலாளர் அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலை அளந்து 2012இல் வெளியிட்டார். அளந்த முறையும் மூச்சோடு தொடர்புடையது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும், ஆக்சிஜனோ நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். சிறுநீரைச் சோதித்து இரண்டின் வேறுபாட்டைப் பார்த்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது என்று தெரிந்துவிடும். முடிவு ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஹட்ஸா மக்களின் அன்றாட ஆற்றல் செலவும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மேலைநாட்டவரின் செலவும் ஏறக்குறைய ஒன்றே.

மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் ஒரு செலவு கூடினால் இன்னொன்றைக் குறைப்பதுபோல, உழைப்புக்குக் கூடுதலாகக் கொடுத்த ஆற்றலை உடல் வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். இது எந்த அளவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் என்பதில் அறிவியலாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஈக்வடார் நாட்டின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் ஷுவார் இனப் பிள்ளைகளிடம் 2019இல் வெளியான ஆய்வும் இதே திசையில்தான் கை காட்டியது. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுள்ள அந்தப் பிள்ளைகள் அமெரிக்க, பிரிட்டிஷ் பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகமாக ஓடியாடுபவர்கள். ஆனாலும் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த ஆற்றலில் வேறுபாடு இல்லை. பிள்ளைகள் குண்டாவதற்கு ஓடாததை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை என்பதற்கு இது வலுவான சான்று. தட்டில் என்ன விழுகிறது, கடையிலிருந்து எந்தப் பொட்டலம் வீட்டுக்குள் வருகிறது, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்பவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். எடை குறைப்பதைவிடப் பெரிய வேலைகளுக்கு என்பேன். 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் இரட்டை அடுக்கு பஸ்களின் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. டிரைவர்கள் ஏற்கனவே பருமனானவர்களாக இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தபோது, சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைக்கூட மாரிஸ் ஆராய்ந்தார். ஒரே இடுப்பளவு உள்ளவர்களிடையிலும் கண்டக்டருக்கே பாதுகாப்பு அதிகம் என்று தெரிந்தது. எடை மாறாவிட்டாலும் பயிற்சி இதயத்தைக் காக்கிறது. உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் ஆபத்தான கொழுப்பைக் குறைக்கிறது. உழைக்கும் தசை, இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பின் சிறிது நடப்பது சர்க்கரை நோயாளிகளுக்கு உதவுவதும் இதனால்தான்.

இந்தியர்களாகிய நமக்கு இது இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3தான். ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம் உடலில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். "என் பிள்ளை ஒல்லிதானே, அவனுக்கு எதற்கு விளையாட்டு?" என்று கேட்கும் அம்மாக்களும் அப்பாக்களும் அந்த இரண்டு எண்களையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

கொழுகொழு குழந்தை வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. பதின்ம வயதில் உடற்பருமன் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வளர்ந்த பிறகும் அப்படியே இருக்கிறார்கள். கொழுப்புச் செல்களின் வரலாற்றிலும் இதற்கான தடயம் இருக்கிறது. 1955 முதல் 1963 வரை திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பெருக்கிவிட்டன. அது பயிருக்குள் புகுந்து, உணவு வழியே மனிதச் செல்களின் டி.என்.ஏ.விலும் பதிந்தது. அந்தப் பதிவைக் கொண்டு ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று கணிக்கலாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் சக ஆய்வாளர்களும் 2008இல் அப்படித்தான் கணித்தார்கள். ஆண்டுதோறும் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் மடிந்து, புதியவை அதே எண்ணிக்கையில் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் முடிவாகி, பிறகு பெரும்பாலும் மாறுவதில்லை. பெரியவர்கள் இளைக்கும்போது செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கையில் குறைவதில்லை.

இதைக் கேட்டுப் பயந்து பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். வளரும் உடலுக்கு எல்லாச் சத்தும் வேண்டும். எடை கூடிய பல பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை. எடையை அப்படியே நிறுத்தி, உயரம் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள். "குண்டு" என்று உறவினர் முன் கேலி செய்வதால் எந்தப் பிள்ளையும் மைதானத்துக்கு ஓடியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருக்கும்.

இப்போது அந்த டென்னிஸ் கைக்கு வருவோம். கொழுப்பில் வேறுபாடு காட்டாத அந்தக் கை, எலும்பில் பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். ஆடும் கையின் எலும்பு மற்றக் கையைவிட அடர்த்தியாக இருந்தது. பூப்பெய்துவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த பலன், பிறகு தொடங்கியவர்களுக்குக் கிடைத்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எலும்பு தன் மேல் விழும் அதிர்வுக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது, அதுவும் சிறு வயதில் மிக வேகமாக. அமெரிக்காவில் இன்னோர் ஆய்வு: பருவமடையாத பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நூறு முறை பெட்டி மீதிருந்து குதித்தார்கள். ஏழு மாதத்தில், குதிக்காத பிள்ளைகளைவிட அவர்களுடைய இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உறுதிப்பட்டிருந்தன. பாண்டி ஆடும் சிறுமியும் நொண்டி அடிக்கும் சிறுவனும் ஸ்கிப்பிங் கயிறு சுற்றுபவர்களும் இதே வேலையைச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்தும் வழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. எலும்பு சேமிக்கும் காலத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, ஐம்பது வயதில் கால்சியம் மாத்திரை வாங்கித் தருகிறோம்.

உயரம் பற்றி இரண்டு வரி. கம்பியில் தொங்கினால் உயரமாகலாம் என்பது உண்மையல்ல. முதுகெலும்பின் வட்டுகள் பகலெல்லாம் அழுந்தி, மாலைக்குள் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைகிறோம். தொங்கினாலும் தூங்கினாலும் அது மீள்கிறது, அவ்வளவே. பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பதற்கும் சான்று இல்லை. விவரமறிந்தவரின் கண்காணிப்பில், வயதுக்கேற்ற அளவில் செய்யும் வலுப் பயிற்சி பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. விழுப்புரத்தில் மல்லர் கம்பத்தில் ஏறி நிற்கும் சிறுவர்கள் தம் உடலின் முழு எடையையும் கையாலும் தொடையாலும் தாங்குகிறார்கள். அதுவும் வலுப் பயிற்சிதான்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் உலகெங்கும் அந்த அளவை எட்டவில்லை. நம்மிடம் கொஞ்சநஞ்சம் இருக்கும் விளையாட்டுப் பாடவேளையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது, பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் முழுதாகவே போய்விடுகிறது. தாமதமாக வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லித் தண்டிக்கும் பழக்கமோ தொடர்கிறது. ஓட்டம் என்றாலே தண்டனை என்று பத்து வயதில் மனத்தில் பதிந்தால், முப்பது வயதில் அவன் எப்படி விரும்பி ஓடுவான்?

படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு தகவல். சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றாடம் 40 நிமிட வெளிப்புறப் பாடவேளை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரக்க உதவி, விழிக்கோளம் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். கரும்பலகை தெளிவாகத் தெரிவதும் படிப்புக்கு வேண்டியதுதானே. 40 நிமிடம் என்பது நம் பள்ளிகளிலும் ஏறக்குறைய ஒரு பாடவேளைதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அதில் விளையாட்டு என்று எழுதியிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.