மார்ச் 31-ல் காலாவதியாகும் கோடிகள்

பட்ஜெட் நாளன்று தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எண்கள் எதுவும் துறைகளின் கைக்கு வந்துவிட்ட பணம் அல்ல. இந்தத் தலைப்பில், இந்தத் தொகைக்கு மேற்படாமல் செலவழித்துக்கொள்ளலாம் என்று அரசு சட்டமன்றத்திடம் கேட்கும் அனுமதி மட்டுமே. அந்த அனுமதிக்கு ஆயுள் ஓராண்டு. மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த ஓராண்டுக் கெடுவை ஏதோ கணக்கர்களின் வசதிக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேர் அரசியலில் இருக்கிறது. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி போடக் கூடாது என்பதை இங்கிலாந்தில் 1689-ன் உரிமைச் சட்டம் உறுதிசெய்தது. அதன்பின் நாடாளுமன்றம் படைச் செலவுக்கான பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் ஆண்டுக்கு ஆண்டு அளந்து கொடுத்தது. பணம் தீர்ந்தால் மன்னர் அவையைக் கூட்டித்தானே ஆக வேண்டும்? 1866-ல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் மீதிச் சுற்றையும் முழுமையாக்கியது. அவை ஒதுக்கும், துறை செலவழிக்கும், தணிக்கையாளர் சரிபார்ப்பார், அறிக்கை மீண்டும் அவைக்கே வரும்.

இந்தியாவுக்கு இந்த முறை துண்டு துண்டாகத்தான் வந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கடன் ஏறிக்கிடந்த அரசுக்கு 1860-ல் வைஸ்ராய் அவையின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் முதல் பட்ஜெட்டைப் போட்டார். வருமான வரியும் அதோடு வந்தது. மே மாதம் தொடங்கிக்கொண்டிருந்த நிதியாண்டு 1867-ல் ஏப்ரலுக்கு மாறியது. ஆனால் கேள்வி கேட்க அவையில் ஆளில்லை. பட்ஜெட்டை விவாதிக்கும் உரிமை 1892-ல் கிடைத்தது, வாக்களிக்க முடியாது. 1919-ன் இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு பகுதிச் செலவுகளுக்கு மட்டும் வாக்குரிமை. அவை வெட்டிய தொகையைக் கவர்னர் ஜெனரல் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். தணிக்கை அறிக்கையை அவையின் சார்பில் ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921-ல் அமைந்தது. ஆக, கணக்கு எழுதும் முறை வந்து அறுபது ஆண்டு கழித்துத்தான் கணக்குக் கேட்கும் உரிமை எட்டிப் பார்த்தது. நம் நிதி நிர்வாகத்தில் படிவங்களுக்கு இருக்கும் மரியாதை விவாதத்துக்கு இல்லாமல் போனதற்கு இந்த வரிசைக்கும் பங்கு உண்டு.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் தாக்கல் செய்தார். அது ஏழரை மாதத்துக்கு மட்டுமானது. அரசியல் சாசனம் வந்தபின் பூட்டு இறுகியது. சட்டப்படி அல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வருவாயும் கடனும் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்கிறது 266-வது பிரிவு. துறைவாரியாகப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் நிறைவேறி, அதன்மேல் நிதி ஒதுக்கச் சட்டமும் நிறைவேறினால்தான் கருவூலம் திறக்கும். கடன் வட்டி, நீதிபதிகள் ஊதியம் போன்றவற்றை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது.

சிக்கல் நடைமுறையில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பள்ளிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ஒதுக்கீடு அமலுக்கு வருகிறது. நிர்வாக அனுமதி ஆணை வர ஜூலை. மதிப்பீடு தயாரித்துத் தொழில்நுட்ப அனுமதி வாங்க செப்டம்பர். டெண்டர் முடிந்து பணி ஆணை கொடுக்கும்போது வடகிழக்குப் பருவமழை. அடித்தளம் தோண்டுவது ஜனவரியில். மார்ச்சுக்குள் எவ்வளவு சுவர் எழும்பும்?

ஒதுக்கீடு காலாவதியாவதைத் தவிர்ப்பதற்காகக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது, உடனடிப் பட்டுவாடாவுக்குத் தேவையானதை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. கடைசி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளும் சொல்கின்றன. இருந்தும் மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்தில் பணம் கேட்கும் பட்டியல்கள் குவியும். தொகையைத் தனிநபர் வைப்புக் கணக்குக்கு, அதாவது ஓர் அதிகாரியின் பொறுப்பில் அரசுக் கணக்கிலேயே 8443 என்ற பெருந்தலைப்பின்கீழ் இருக்கும் கணக்குக்கு, மாற்றிவிடுவது அதில் பழகிப்போன வழி. ஏட்டில் செலவாகிவிட்டது, உண்மையில் ஒரு செங்கல்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். அரசுக் கணக்குகளின் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியின் அறிக்கைகள் இதை ஆண்டுதோறும் எழுதுகின்றன. எழுதிக்கொண்டே இருக்கின்றன.

இந்த முடக்கத்தைக் குறைக்கத்தான் 2021 ஜூலை முதல் மத்திய அரசு பங்களிக்கும் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே வங்கிக் கணக்கு என்ற ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டின்படி ஒரு தவணையில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கக் கூடாது. முன்பு தந்ததில் 75 சதவீதம் செலவாகி, மாநிலப் பங்கும் கணக்கில் சேர்ந்தால்தான் அடுத்த தவணை. பணம் எங்கே தூங்குகிறது என்பது இப்போது தெரிகிறது. ஆனால் மாநிலப் பங்கு தாமதமானால் திட்டமே நின்றுவிடுகிறது.

பட்ஜெட்டைப் படிப்பவர் ஏமாறும் இடம் வேறு. ஆவணத்தில் எண்கள் நான்கு நெடுவரிசைகளில் இருக்கும்: முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. ஒரு திட்டத்துக்கு நடப்பு ஆண்டில் 100 கோடி அறிவித்தார்கள். ஜனவரியில் திருத்தி 70 கோடி ஆக்கினார்கள். வரும் ஆண்டுக்கு 90 கோடி என்று வைத்துக்கொள்வோம். 70-ஐ அடிப்படையாக வைத்தால் "28 சதவீதத்துக்கும் மேல் உயர்வு". 100-ஐ வைத்தால் 10 சதவீத வெட்டு. உரையில் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நெடுவரிசையில் முந்தைய ஆண்டின் உண்மையான செலவு 55 கோடி என்று இருந்தால், 90-ம் எட்டுமா என்பதே சந்தேகம்.

கணக்குத் தலைப்பின் முதல் இலக்கமும் உதவும். நான்கு இலக்கப் பெருந்தலைப்பு 2 அல்லது 3-ல் தொடங்கினால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. 6 அல்லது 7 என்றால் அரசு கொடுக்கும் கடன். 2210 மருத்துவத் துறையின் அன்றாடச் செலவு, 4210 அதே துறையின் மூலதனச் செலவு. புதிய மருத்துவமனைக் கட்டடத்தை 2210-ல் தேடிப் பயனில்லை.

ஆண்டின் நடுவில் மேலும் பணம் கேட்கும் துணை மானியக் கோரிக்கைகளைக் கூடுதல் தாராளம் என்று கொள்ளாதீர்கள். மூல ஒதுக்கீடே மிஞ்சிய தலைப்புக்குத் துணை மானியமும் வாங்கி, செலவாகாததை மார்ச் 31 அன்று நிதித்துறையிடம் திருப்பி ஒப்படைப்பது சகஜம். இதற்கு நேர்மாறாக, அவை அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் செலவழித்ததும் உண்டு. மாநிலமாக இருந்தால் 205-வது பிரிவின்படி மிகை மானியமாக அவை அதை முறைப்படுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் அது நிலுவையில் கிடக்கும்.

இவை எல்லாம் மாநிலங்களுக்கு சிஏஜி தயாரிக்கும் நிதி ஒதுக்கக் கணக்குகளில் மானியவாரியாக இருக்கின்றன. மிச்சத்துக்கும் மிகைக்கும் துறை சொன்ன காரணத்தோடு. "காரணம் தெரிவிக்கப்படவில்லை" என்ற வரிகளே அதில் அதிகம். அப்படி ஒன்றைக் கண்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். "எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்த பணம் என்ன ஆனது" என்று கேட்டால் தகவல் இல்லை என்று பதில் வரும். முழுக் கணக்குத் தலைப்பு, நிதியாண்டு, மூல ஒதுக்கீடு, ஒப்படைத்த தொகை, ஒப்படைத்த தேதி, அந்தக் கடிதத்தின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.