வைரஸ் என்றால் தீநுண்மி

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவது காவிரிப் படுகையின் வழக்கம். கதிர் அறுத்தபின் தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும். நீடாமங்கலம் பக்கம் அப்படியொரு வயலில், இலையெல்லாம் மஞ்சள் திட்டுத்திட்டாக இருந்த ஒரு செடியைப் பெரியவர் ஒருவர் காட்டினார். “வைரஸ் அடிச்சிருக்கு தம்பி, தேமல்” என்றபடி இலையைத் திருப்பினார். அடியிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளை ஈக்கள் பறந்தன.

தேமல் என்பது கண்ணுக்குத் தெரிவது. நம் தோலில் படரும் தேமலைப் பார்த்துப் பழகியவர்கள் இலைக்கும் அதே பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர். கண்ணுக்குத் தெரியாத வைரஸுக்குத்தான் பெயர் வைக்கச் சிரமப்படுகிறோம்.

லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. பிசுபிசுப்பாகக் கசியும் நீரையும் குறிக்கும். வடமொழியின் ‘விஷ’ என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. நாம் விடம் என்று எழுதுவதும் அதைத்தான். ஆக, ஊரில் சொல்லும் விஷக்காய்ச்சல் இந்தச் சொல்லுக்குத் தூரத்து உறவு.

இந்தப் பழைய சொல் இன்றைய பொருளுக்கு வந்ததும் ஒரு தேமல் இலையால்தான். 1892இல் ரஷ்யாவின் திமித்ரி இவானோவ்ஸ்கி, தேமல் பிடித்த புகையிலையின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்யரிங்க் அதே சோதனையைச் செய்து, இது பாக்டீரியா இல்லை, வேறொன்று என்று உறுதியாகச் சொல்லி, வைரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். திரவம் என்றே அவர் நினைத்தார். 1939இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை குட்டிக் குச்சிகளாகத் தெரிந்தன. ஒன்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். மூவாயிரத்துக்கும் மேல் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கிருமி என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் அதில் பாக்டீரியாவும் அடங்கிவிடும். இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. சாதாரண சளிக்கு, “கிருமியைக் கொல்ல மாத்திரை கொடுங்க” என்று ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறோம். அந்த மாத்திரை பாக்டீரியாவுக்கானது. வைரஸை ஒன்றும் செய்யாது. வயலிலும் இதே கதைதான். தேமல் கண்ட செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. கடையில் வாங்கி அடிப்பது நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு. நோய்ச்செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் போடுவதும், தாங்கி வளரும் ரகத்தை விதைப்பதுமே கைகொடுக்கும்.

நச்சுயிரி என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு இரண்டு தயக்கம். வைரஸ் நஞ்சு எதையும் கக்குவதில்லை. மரபுப்பொருளும் அதைச் சுற்றிய புரத உறையும்தான் அது. செல்லுக்குள் புகுந்து, செல்லின் இயந்திரத்தை வைத்தே தன்னைப்போல் நகல்களைச் செய்துகொள்கிறது. செல்லுக்கு வெளியே சும்மா கிடக்கும். அதை உயிரி என்று சொல்லலாமா என்பதே இன்னும் தீராத வாதம்.

அதனால் தீநுண்மி எனக்குப் பிடித்த சொல். இங்கே தீ என்பது நெருப்பு இல்லை. தீமை, தீவினை என்பதில் வரும் தீ. நுண்மி, நுண்ணியது. உயிர் உண்டா இல்லையா என்ற வழக்கில் அது தலையிடுவதில்லை.

ஆனால் இன்றைய ஆராய்ச்சி அந்தத் ‘தீ’யையும் கேள்வி கேட்கிறது. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களை, மருந்துக்கு அடங்காத தொற்றுகளுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வலுவிழக்கச் செய்த வைரஸில் ஏற்றி, பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதை உடலுக்குள் அனுப்பும் சிகிச்சை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைப்பது இது: நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம் பழங்கால வைரஸ்கள் விட்டுச்சென்றது. தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி உருவாக உதவும் ஒரு புரதமும் அப்படி வந்ததுதான். நஞ்சு என்ற பெயரை அந்தக் கொடிக்கு நம் முன்னோர் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

ஆகவே நோய் தருவதை எழுதும்போது தீநுண்மி என்கிறேன்: மஞ்சள் தேமல் தீநுண்மி, டெங்கு தீநுண்மி. சேர்த்தே எழுத வேண்டும், பிரித்தால் நெருப்பாகிவிடும். நன்மை செய்பவற்றுக்கு இன்னொரு நல்ல சொல் அமையும்வரை வைரஸ் என்றே எழுதுகிறேன்.